காக்கா கடி

போன செப்டம்பர் ஐந்தாம் தேதி காலையில் என் கையில் ஊசி குத்தி, ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஒரு வைரஸை உள்ளே ஏற்றினார்கள். நோய் வருவதற்காக இல்லை, இருக்கிற நோய் போவதற்காக. அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் வீட்டு மாடிப்படி பன்னிரண்டையும் சுவரைப் பிடிக்காமல் ஏறிவிடுகிறேன். இதைச் சொல்லும்போது சிரிப்பு வரவேண்டும். எனக்கு வரவில்லை. வீட்டில் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். விடிவதற்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அதனால் சொல்கிறேன்.

என் பெயர் சுபிக்ஷா. பதினொன்றாவது படிக்கிறேன். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற வழியில் வீடு. அப்பா தங்கமுத்து முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். அம்மா சாந்தாமணி. தங்கச்சி மிருதுளா, எட்டு வயது, நாங்கள் மிது என்போம். எனக்கும் மிதுவுக்கும் ஒரே வியாதி. இடுப்புச் சதையும் தொடைச் சதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். தரையில் உட்கார்ந்தால் எழுவதற்கு முதலில் கையை முட்டியில் ஊன்ற வேண்டும், பிறகு தொடையில், பிறகு இடுப்பில். என் உடம்பின் மேலேயே நான் ஏறி எழுந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு "ஜாக்கி" என்று பெயர் வைத்திருந்தார்கள். லாரிக்கு அடியில் கொடுப்பார்களே, அந்த ஜாக்கி.

அம்மா அப்பாவை "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்காக இல்லை. அப்பா அவளுடைய சொந்தத் தாய்மாமன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கித் திரிந்தவர். டாக்டர் ஒரு தாளில் வட்டமும் கட்டமும் போட்டு, எங்கள் குடும்பத்தை வரைந்து, ஒரே கோளாறு இரண்டு பக்கத்திலிருந்தும் எங்களுக்கு வந்திருப்பதைக் காட்டினார். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பாவும் அம்மாவும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

அந்த டாக்டர் பெயர் ஹெப்சிபா. கோயம்புத்தூரில் இருக்கிறார். ஒரு அறக்கட்டளை மூலமாகப் புது வைத்தியம் வந்திருக்கிறது, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார்.

"வைரஸுங்களா?" என்று அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஏனுங்க டாக்டர், அது வரக்கூடாதுன்னுதான நான் தெனமும் கோழிக்கு மருந்து போட்டுட்டு இருக்கேன்?"

டாக்டர் சிரித்தார். "உங்க புள்ளைங்க ஒடம்புல ஒவ்வொரு சதைக்குள்ளயும் ஒரு பொட்டலம் கொண்டுபோய் வைக்கணும். பூட்டுன வீடு. பூட்டத் தெறக்கத் தெரிஞ்சவன் யாரு?"

"திருடன்."

"அவனேதான். வைரஸ் ஒரு திருடன். அவன் கையில இருக்கற கத்தியப் புடுங்கிட்டு, நம்ம மருந்துப் பொட்டலத்தக் குடுத்து உள்ள அனுப்பறோம். வெச்சுட்டு அவன் செத்துருவான்."

"அப்ப திருடனுக்கே உத்தியோகம் போட்டுக் குடுத்துட்டீங்க" என்றார் அப்பா. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்ததைச் சொன்னார். "ஆனா ஒரே தடவைதான். திருடன் ஒருக்கா வந்துட்டுப் போனா, வீட்டு நாய்க்கு அவன் வாசனை தெரிஞ்சுபோயிரும். அடுத்த தடவை வாசல்லயே கடிச்சுக் கொன்னுரும். பொட்டலம் உள்ள போகாது. நாய் ரொம்ப மூர்க்கமா இருந்தா வீட்டையும் சேத்து நாசம் பண்ணிரும், உசுருக்கே ஆபத்து. அதனால மொதல்ல ரத்தத்துல பாப்போம். ஏற்கெனவே வாசனை தெரிஞ்ச நாய் இருந்தா அந்தப் புள்ளைக்கு இந்த மருந்து கெடையாது."

அப்பா மெதுவாகத் தலையாட்டினார். "எங்களுக்கும் அப்படித்தானுங்க. தாய்க்கோழிகிட்ட இருந்து எதிர்ப்பு வந்திருந்தா, குஞ்சுக்கு ஏழா நாள் கண்ணுல விடற சொட்டு வீணாப் போயிரும்."

"அதேதான். உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்ல."

ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் நாய் இல்லை. மிது, "எனக்கு நாய் இல்லியாம், உனக்கும் இல்லியாம்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பாட்டாகப் பாடினாள்.

மருந்து இரண்டு தவணையாக வரும் என்றார்கள். எனக்கு முதலில், ஏனென்றால் பத்து மீட்டர் நடக்க முடிகிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். எனக்கு அது போய்விடும் நிலைமை. மிதுவுக்கு நவம்பரில்.

எனக்கு மருந்து ஏற்றிய மறுநாள், வீட்டுக்கு அனுப்பும்போது ரெஜினா சிஸ்டர் ஒரு தாள் கொடுத்தார். நல்ல தமிழில் அச்சடித்திருந்தது. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நாற்பத்திரண்டு நாட்களுக்கு உமிழ்நீர், சிறுநீர், மலம் ஆகியவற்றின் தொடர்பைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும். உமிழ்நீருன்னா என்னங்க சிஸ்டர்?"

"எச்சிதாம்மா. இவ ஒடம்புல ஏத்துனதுல கொஞ்சம் எச்சில வெளிய வரும். சின்னப் புள்ள மேல பட்டுரக்கூடாது. அதுக்குப் பட்டா, நோவு ஒண்ணும் வராது, ஆனா அவ ஒடம்புல நாய் வந்துரும். தட்டு, டம்ளர், கக்கூஸ் எல்லாம் தனி. துணி தொவைக்க க்ளவுஸ்."

"அவ்வளவுதான?" என்று அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. "எச்சிப் படாம பாத்துக்கறதா எங்களுக்குப் பெருசு?"

உமிழ்நீர் என்று இருந்தவரை அவளுக்குப் பயமாக இருந்தது. எச்சில் என்றானதும் வீட்டு விஷயம் ஆகிவிட்டது. எச்சிலைப் பற்றி எங்கள் வீட்டில் தெரியாதது என்ன இருக்கிறது? டம்ளரை அண்ணாந்து குடிக்க வேண்டும். சாப்பிட்ட கையால் பாத்திரத்தைத் தொடக்கூடாது. கடித்ததைக் கொடுக்கக்கூடாது. துணி மேல் வைத்துக் கடித்தால் எச்சில் இல்லை.

கடைசியாகச் சொன்னேனே, அதில்தான் வந்தது.

எனக்குக் கூடத்தை ஒட்டிய சின்ன அறை. கதவுக்கு நடுவில் அம்மா ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டிருந்தாள். மிது அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அதுவரை நாங்கள் ஒரே பாயில் படுத்தவர்கள். முதல் வாரம் அவள் பெஞ்சின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, "உன்னைய ஜூவுல போட்ட மாதிரி இருக்குக்கா" என்று சிரித்தாள். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போவாள்.

பதினொன்றாம் நாள். செப்டம்பர் பதினாறு. அம்மா கொல்லையில் இருந்தாள். மிது யூனிபார்ம்கூட மாற்றாமல் வந்து நின்றாள். கையில் ஒரே ஒரு கமர்கட்டு.

"தர்ஷினி பர்த்டே. எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு. நான் திங்கல. பாதி உனக்கு."

"நீயே தின்னுடி."

"ஒண்ணும் வேண்டாம். பாதிதான். நானே ஒடச்சுத் தருவேன், ஆனா பல்லு ஆடுது." முன்பல்லை நாக்கால் ஆட்டிக் காட்டினாள். "கல்லுல ஒடச்சா அம்மாவுக்குக் கேட்டுரும்."

நீயே தின்னு என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் போதும். அவள் அழுதிருப்பாள், தின்றிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் பதினொரு நாளாக என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் சொன்னேன்.

"குடு. காக்கா கடி கடிச்சுத் தர்றேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமால்ல! காக்கா கடிக்கு எச்சி இல்லல்ல!"

கமர்கட்டைப் பாவாடைத் துணிக்குள் வைத்து மடித்துக் கடைவாயில் கொடுத்துக் கடித்தேன். இரும்பு மாதிரி இருந்தது. மூன்று தடவை கடித்த பிறகுதான் உடைந்தது. துணியைப் பிரித்தால் இரண்டு துண்டு. பெரிய துண்டை அவளிடம் கொடுத்தேன். நான் எவ்வளவு பத்திரமாக நடந்துகொண்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாவாடைத் துணி கடித்த இடத்தில் நனைந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாற்பத்திரண்டு நாள் முடிந்து பெஞ்சை எடுத்தார்கள். நவம்பர் பதினான்காம் தேதி, எழுபதாவது நாள், படி ஏறினேன். அப்பா கீழே நின்று ஒன்று, இரண்டு என்று பண்ணையில் முட்டை எண்ணுகிற குரலில் எண்ணினார். பன்னிரண்டு வந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மிது கைதட்டினாள். "அடுத்தது நான்!"

அதற்கு நான்கு நாள் கழித்து கோயம்புத்தூர் போனோம். மிதுவுக்கு மருந்து ஏற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை ரத்தம் பார்த்தார்கள். மத்தியானம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். கையில் தாள். அவர் உட்காரச் சொல்லவில்லை, அவரே எழுந்து நின்றார்.

"பாசிட்டிவ் வந்திருக்கு. ரெண்டு தடவை பாத்துட்டோம். அக்கா ஒடம்புல போட்டது இவ ஒடம்புக்கும் கொஞ்சம் போயிருக்கு."

"அப்ப..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

அப்பா அவளை முடிக்க விடவில்லை. "போட்டாலும் மருந்து வீண்தானுங்க டாக்டர்?" கோழிக்காரருக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் மிதுவை ரெஜினா சிஸ்டரோடு வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார். "வீண் மட்டுமில்லைங்க. போட்டா அவளையே எடுத்துட்டுப் போயிரும். இவளுக்குப் போனது ஒரு துளி, அது குணமாக்கப் பத்தாது. நாய முழிக்க வைக்க மட்டும் பத்தும். வேற திருடன் யாராச்சும் கெடைக்கறானான்னு பாத்துட்டு இருக்காங்க. பத்து வருஷம் ஆகலாம்." குரலைத் தாழ்த்தினார். "இந்த வியாதி அத்தன வருஷம் காத்துட்டு இருக்காது. எப்படிப் பட்டுச்சுன்னு ஞாபகம் இருக்குதா?"

அம்மாதான் சொன்னாள். மூன்றாம் நாள் நான் வாந்தி எடுத்தேன். போர்வையை அலசும்போது க்ளவுஸ் கிழிந்திருந்தது, அவள் கவனிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய் மிதுவுக்குத் தலை பின்னிவிட்டாள். "அந்தக் கைதானுங்க. சோப்புப் போட்டேனா இல்லையான்னு எனக்கு நெனப்பில்லைங்க."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார். "ஒரு கையக் கழுவறதுக்கு உனக்குத் தண்ணி கெடைக்கலியா, சாந்தா?" அவ்வளவுதான் சொன்னார். அப்பா கத்துகிறவர். அன்றைக்குக் கத்தவில்லை. அதிலிருந்து அம்மாவிடம் அவர் பேசுவது "சோறு போடு", "தாப்பாப் போடு" இரண்டு மட்டும்தான்.

அம்மா மிதுவைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவ ஆரம்பித்தாள். இப்போது கழுவி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கழுவுகிறாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து வெள்ளையாக இருக்கிறது. முன்பெல்லாம் சோற்றைப் பிசைந்து உருட்டி மிதுவுக்கு ஊட்டிவிடுவாள். இப்போது கரண்டியில் ஊட்டுகிறாள்.

"எனக்கென்ன காய்ச்சலா? கையிலயே குடும்மா" என்று மிது கேட்டாள்.

"அந்தக் கை வேண்டாஞ் சாமி" என்றாள் அம்மா.

அன்றைக்கு நான் ரெஜினா சிஸ்டருக்கு போன் செய்தேன். மாடியில் போய் நின்று பேசினேன். என் காலில் நானே ஏறிப்போய்.

"சிஸ்டர், ஒரு டவுட். துணி மேல வெச்சுக் கடிச்சா எச்சி இல்லதானே?"

"என்னது?"

"காக்கா கடி, சிஸ்டர். ஸ்கூல்ல ஒரு புராஜெக்ட்டுக்குக் கேக்கறேன்."

அந்தப் பக்கம் டிராலி உருளுகிற சத்தம் கேட்டது.

"எச்சி இல்ல கண்ணு" என்றார் சிஸ்டர். "ஆனா உமிழ்நீரு துணிக்குள்ள எறங்குமே."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் அன்னிக்கு அந்த வார்த்தைய அப்படியே விட்டுருக்கணும்" என்றார். "சுபி, அழுவாத. அம்மா கையா, இதுவான்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. வந்தவன் யாரு வழியா வந்தேன்னு எழுதி வெச்சுட்டுப் போறதில்ல. வீட்டுல சொல்லணும்னா சொல்லு. சொன்னாலும் ரிப்போர்ட்டு மாறாது."

ரிப்போர்ட் மாறாது. ஆனால் அம்மாவின் கை மாறும். அப்பா அம்மாவிடம் பேசுவார். அதற்காகச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணினேன். முதலில் மிதுவிடம் சொல்ல வேண்டும், அவளுடைய மருந்தைத்தானே நான் எடுத்துவிட்டேன். பிறகு அப்பாவிடம்.

நவம்பர் முப்பதாம் தேதி, பள்ளிக்கூடம் இல்லை. அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள், அப்பா பண்ணையில். மிது கட்டிலில் உட்கார்ந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். நாள்காட்டியில் கிழித்த தாள்கள், ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு.

"மிது, ஒண்ணு சொல்லட்டுமா? என்னைத் திட்டு, பரவால்ல."

"இரு, நான் மொதல்ல. எழுவத்தஞ்சு ஆயிருச்சுக்கா."

"என்ன எழுபத்தஞ்சு?"

"கமர்கட்டு தின்னதுல இருந்து." கதவைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். வாயில் தேங்காய் எண்ணெய் வாசனை, தலைக்கு எண்ணெய் வைத்த கையின் நகத்தைக் கடித்திருக்கிறாள். "எனக்குத் தெரியும். அதுலதான் எனக்கு மருந்து வந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. "எந்த மருந்து?"

"ஊசி மருந்துதான். லூசு மாதிரி கேக்கற. டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல, அக்காவுக்குப் போட்டது இவளுக்கும் போயிருச்சுன்னு? பாசிட்டிவ்னாங்க. பாசிட்டிவ்னா நல்லது. எங்க மிஸ் தெனமும் சொல்வாங்க, பி பாசிட்டிவ், பி பாசிட்டிவ்னு."

"டாக்டர் ஊசி இல்லன்னு சொன்னாங்களே, மிது."

"ஏற்கெனவே வந்துருச்சுல்ல, அப்பறம் எதுக்கு ஊசி? ரெண்டு தடவ போடக்கூடாதுல்ல?" பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

"அப்ப அம்மா ஏன் அழுவுது?"

"அம்மா சீரியலுக்கே அழுவும்." அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். "பாவந்தான். ஆனா சொல்லிராதக்கா. படி ஏறிக் காட்டிட்டு அப்பறமா சொல்லலாம். நீயும் நானும் சேந்து."

அவள் தாள்கட்டைப் புரட்டினாள். முதல் தாளில் செப்டம்பர் பதினாறு.

"நீ எழுவதாவது நாள் ஏறுன. எனக்கு எழுவத்தஞ்சு. ஏன்க்கா எனக்கு இன்னும் வரல? நேத்து ரெண்டு தடவ விழுந்துட்டேன்."

பேச்சு வாயிலிருந்து தானாக வந்தது. நான் யோசிக்கவே இல்லை. கமர்கட்டைக் குடு என்று சொன்னபோதும் இப்படித்தான் வந்தது.

"சின்னப் புள்ளைங்களுக்கு லேட்டாகும். நூத்தியிருவது நாள்."

"நெசமா?"

"நெசமா."

மிது நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்து, விரல்விட்டு, உதட்டை அசைத்து எண்ணினாள். டிசம்பர் முடிந்து, அட்டையில் அச்சடித்திருந்த அடுத்த வருஷத்துப் பண்டிகைப் பட்டியலுக்குப் போனாள். என் வாயில் வேறு ஏதாவது எண் வந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. திடீரென்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பொங்கலுக்கா!"

அதன்பிறகு எப்படி அப்பாவிடம் சொல்வேன்? சொன்னால் அப்பா அவளைக் கேட்பார். கமர்கட்டில் வந்தது மருந்து இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் அம்மா கை கழுவிக்கொண்டே இருப்பாள். ஒன்றரை மாதமாக இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல், இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறேன். அது செய்வதற்குச் சுலபம், சும்மா இருந்தாலே போதும்.

டிசம்பரில் மிது நிறைய விழுந்தாள். விழும்போதெல்லாம் யாரும் பார்க்காவிட்டால் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள், உள்ளே வேலை நடக்கிறதாம். புது வருஷம் பிறந்ததிலிருந்து கட்டிலிலிருந்து எழ என் தோள் வேண்டியிருக்கிறது. "பழைய சதையெல்லாம் போனாத்தான புதுசு வரும்?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். இப்போது எந்தப் பொய்யும் எனக்குக் கஷ்டமாக இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

இன்றைக்குச் சாயங்காலம் அப்பா கரும்பு வாங்கி வந்தார். மிது பச்சைப் பாவாடையைத் தலைமாட்டில் மடித்து வைத்துக்கொண்டு, எல்லோரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலைல என்னைய யாரும் தூக்கக்கூடாது. கையும் புடிக்கக்கூடாது. எல்லாரும் படிகிட்ட வந்து நில்லுங்க. அவ்ளோதான் சொல்வேன்."

அப்பா, "செரிங்க சாமி" என்றார். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சரி என்றாள். மிது கடைசியாக என்னைப் பார்த்தாள்.

நானும் சரி என்றேன்.